தகரத்துக்கும் உள்கூரைக்கும் நடுவே

2004-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது வாங்கியவற்றில் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்களும் உண்டு. 88 மாடி, 452 மீட்டர். அதே பட்டியலில், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமத்தில் மூன்றே வகுப்பறைகளோடு நிற்கும் ஒரு மண் பள்ளிக்கூடமும் இருந்தது. "அந்தப் பள்ளியில் அப்படி என்ன இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் அதன் கூரையில் இருக்கிறது.

முதலில் விருதைப் பற்றிக் கொஞ்சம். 1977-ல் தொடங்கியது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சமூகங்களுக்குப் பயன்படும் கட்டடங்களுக்குத் தருகிறார்கள். இப்போது பரிசுத்தொகை மொத்தம் 10 லட்சம் டாலர். கட்டடக்கலைஞர் மட்டுமல்ல, கொத்தனாரும் கட்டச் சொன்னவரும்கூடப் பங்கு பெறலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கட்டடம் குறைந்தது ஒரு வருடமாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், நிபுணர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள் என்பதுதான். அழகான போட்டோவை வைத்துப் பரிசு வாங்க முடியாது.

பள்ளியைக் கட்டியவர் டியபேடோ ஃபிரான்சிஸ் கேரே. 1965-ல் காண்டோவில் பிறந்தவர், ஊர்த் தலைவரின் மகன், அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை. பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே நண்பர்களோடு சேர்ந்து பணம் திரட்டி 2001-ல் இதைக் கட்டி முடித்தார். சரி, கூரைக்கு வருவோம்.

வெறும் தகரம் போட்ட அறையில் மதியம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், காற்று சுடுவது ஒரு பக்கம் இருக்க, உச்சந்தலையே எரியும். காரணம் கதிர்வீச்சு. ஒரு பரப்பு உமிழும் வெப்பம் அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வெயிலில் தகரம் 65 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தை நன்றாக உமிழும் பரப்பாக இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 740 வாட் வரும். 35 டிகிரியில் உள்ள பரப்பு தருவது 510 வாட்தான். மிச்சம் 230 வாட், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும், குழந்தைகளின் தலைமேல் இறங்குகிறது. ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் தகரம் சூடாக இருக்கும்வரை இது வந்துகொண்டேதான் இருக்கும்.

கேரே தகரத்தை அறையிலிருந்து பிரித்து மேலே தூக்கிவிட்டார். சுவர்மேல் கான்கிரீட் உத்தரங்கள், அவற்றின் குறுக்கே கம்பிகள், கம்பிகள்மேல் சாந்து பூசாமல் இடுக்கு விட்டு அடுக்கிய மண் கற்கள். இது உள்கூரை. அதற்கும் மேலே, சாதாரணக் கட்டுமானக் கம்பியைக் கையால் அறுத்து வெல்டிங் வைத்த சட்டங்கள், அவற்றின்மேல்தான் தகரம். நடுவில் உள்ள இடைவெளி திறந்தே கிடக்கிறது.

இப்போது தகரத்தின் அனல் பிள்ளைகள்மேல் விழாமல் கற்களின் முதுகில் விழுகிறது. அது பாதிதான், மீதிதான் என்னை மயக்குகிறது. தகரத்தை ஒட்டிய காற்று சூடாகிறது. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.15 கிலோ, 50 டிகிரியில் 1.09 கிலோ. 50 கிராம் சொச்சம் குறைகிறது, அவ்வளவுதான், ஆனால் அந்த 50 கிராம்தான் இங்கே எஞ்சின்! இலேசான காற்று தகரத்தின் சரிவைப் பிடித்து ஏறி வெளியே போகப் போக, கற்களின் இடுக்கு வழியாக அறையின் காற்று மேலே இழுபடுகிறது, அது போன இடத்தை நிரப்ப ஜன்னலின் சாய்வுப் பட்டைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே வருகிறது. வெளியே காற்றடித்தால் இழுப்பு இன்னும் கூடும். வெயில் ஏற ஏற தகரம் சுடும், தகரம் சுடச் சுட இழுப்பு வேகமெடுக்கும், அதாவது எந்த வெயில் வகுப்பறையை வேக வைக்குமோ அதே வெயிலே அங்கே விசிறி போடுகிறது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

அதே தகரம் சுவரைத் தாண்டி நீண்டு குடை மாதிரி நிற்பதால் மழையும் மண் சுவரில் நேராக அடிப்பதில்லை. கற்களும் வெறும் மண் இல்லை, கொஞ்சம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தியவை. ஆரோவில்லில் பல கட்டடங்கள் இதே வகைக் கல்லால் எழுந்தவைதான். ஆனாலும் காண்டோ மக்கள் முதலில் நம்பவில்லை. மண் மழையில் கரைவதை வருடா வருடம் பார்த்தவர்கள், ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன் மறுபடியும் மண்ணையா கொண்டுவருகிறான் என்று தோன்றியதில் தப்பே இல்லை.

இந்த இடத்தில் என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாஸ்து பார்த்து வாசலை இடித்துக் கட்டச் செலவு செய்கிறோம், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு சாதாரண வகுப்பறையின் கூரைக்கடியில் வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒரு கோடை முழுக்க அளக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசுகள் தாராளமாகப் பணம் தரவேண்டும், ஏனென்றால் பலன் போய்ச் சேருவது ஏசி வாங்க முடியாதவர்களுக்கு.

2022-ல் கேரேவுக்கு, கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். காண்டோவிலோ அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. பக்கத்து ஊர்கள் இரண்டு அதே முறையில் தங்கள் பள்ளியைத் தாங்களே கட்டிக்கொண்டன, காண்டோவில் வேலை பழகிய இளைஞர்களை உள்ளூர் நிர்வாகம் பொதுப்பணிகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தது.