கொம்பனி விதையும் கினிப்புல்லும்

"மாஸ்ரர், கொம்பனிக்காரன் விதைக்குள்ள என்னவோ மருந்து வைச்சிட்டான்" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். விசுவமடுப் பக்கம் அரை ஏக்கரில் மிளகாய் செய்கிறவர். போன முறை கலப்பின விதை வாங்கி நட்டு, நல்ல காய். இந்த முறை பைக்கற்றுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், நன்றாகப் பழுத்த பழங்களைக் காயவைத்து அந்த விதையையே நாற்றுமேடையில் போட்டிருக்கிறார். எல்லாம் முளைத்தது. ஆனால் போய்ப் பார்த்தால் ஒரே வரிசையில் ஒரு செடி இடுப்பளவு, பக்கத்தில் நிற்பது முழங்காலளவு. ஒன்றில் காய் நீட்டாக மெலிந்து தொங்குகிறது, அடுத்ததில் குட்டையும் தடிப்பும். இன்னொன்று இலையை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. மகாஇலுப்பள்ளத்தில் அரசாங்கம் உருவாக்கிய கலப்பின மிளகாயின் விதையை எடுத்துப் போட்டாலும் இதே கூத்துத்தான்.

கலப்பின விதை என்றால் தூய வழியில் வந்த இரண்டு பெற்றோரைச் சேர்த்துப் பெற்றது. மிளகாய்க்கு 12 சோடி நிறமூர்த்தம் (குரோமோசோம்). தாயிடமிருந்து ஒரு கட்டு 12, தகப்பனிடமிருந்து ஒரு கட்டு 12. பைக்கற்றிலுள்ள எல்லா விதைக்கும் இதே இரண்டு கட்டுத்தான், அதனால் தோட்டம் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். சரி, அந்தச் செடி பூத்துத் தன் மகரந்தத்தையும் சூலையும் செய்ய வேண்டும். அதற்கு 24ஐப் பாதியாக்க வேண்டும். ஏ.எல். உயிரியலில் படம் படமாகக் கீறிப் பாடமாக்கி, சோதனை முடிந்த அன்றே நாங்கள் மறந்துபோன ஒடுக்கற்பிரிவு நடப்பது இங்கேதான்.

எனக்கு இதைவிட அழகான காட்சி உயிரியலில் இல்லை. தாய்வழி நிறமூர்த்தம் தகப்பன்வழிச் சோடியைத் தேடி வந்து நீளத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடங்களில் துண்டுகள் கைமாறுகின்றன. பிறகு இரண்டும் விலகிப் போகும்போது எது எந்தப் பக்கம் போகும் என்பது பூவா தலையா. பக்கத்துச் சோடிக்கு என்ன விழுந்தது என்று இந்தச் சோடி பார்ப்பதில்லை. 12 தடவை சுண்டினால் 4096 விதமான புணரிகள், அதாவது மகரந்தத்திலும் சூலிலும் உள்ள பாலணுக்கள். கைமாறிய துண்டுகளைக் கணக்கில் எடுக்காமலே இவ்வளவு! அந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும், பன்னிரண்டு சோடியிலும் ஒன்று தாய்வழி, ஒன்று தகப்பன்வழி என்று பழையபடி அமைய 4096இல் ஒரு வாய்ப்பு. விசுவமடுக்காரர் நட்டதோ சில நூறு கன்று.

அப்படியானால் காலபோகத்து நெல்லை எடுத்து வைத்து மறுபடி விதைக்கிறோமே? நெல்லுக்கும் 12 சோடிதான். ஆனால் நெல் தன் பூவுக்குள்ளேயே கருக்கட்டும் பயிர். தலைமுறை தலைமுறையாக அப்படியே வந்து இரண்டு கட்டும் ஒன்றாகிவிட்டன. சீட்டு விளையாடும்போது எல்லாச் சீட்டும் ஒரே சீட்டு என்றால், கலைத்தென்ன கலைக்காவிட்டால் என்ன? 1958இல் பத்தலகொட அரசாங்க நெல் ஆய்வு நிலையத்தில் வந்த எச்-4 நெல்லை அப்புமார் இன்னும் சொல்லுவார்கள். முருங்கக்காயன் என்ற நம் நாட்டு நெல்லையும் இந்தோனேசிய நெல் ஒன்றையும் கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை தெரிந்தெடுத்து நிலைப்படுத்தியது அது. ஒரு மூட்டை கிடைத்தால் போதும், ஊர் முழுக்கப் பரவிவிடும். பின்னால் அங்கிருந்தே வந்த பிஜி நெல்லினங்களும் அப்படித்தான்.

கவனித்துப் பாருங்கள், ஒரு தடவை விற்றால் மறுபோகம் விற்கத் தேவையில்லாத சரக்கு இது. இதற்கு எந்த வியாபாரி முதல் போடுவான்? அரசாங்கம்தான் போட்டது. கலப்பின விதையில் பூட்டை இயற்கையே போட்டுத் தந்திருப்பதால் கொம்பனிகள் அந்தப் பக்கம் போயின. அது அவர்கள் தொழில். பல்கலைக்கழகமும் அதே பக்கம் சாயும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்காவில் அரசாங்கப் பணத்தில் கண்டுபிடித்ததற்கும் பல்கலைக்கழகங்கள் தாமே காப்புரிமை வைத்துக்கொள்ள 1980இல் சட்டம் வந்தது. 1998 மார்ச்சில் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் ஒரு பருத்தி விதைக் கொம்பனியும் சேர்ந்து, சேமித்த விதையை முளைக்கவிடாத நுட்பத்துக்கே காப்புரிமை வாங்கின. அது சந்தைக்கு வரவில்லை. 'மருந்து வைச்சிட்டான்' என்ற கதைக்கு மட்டும் ஒரு கால் முளைத்தது.

இனி ஏ-9 வீதியோரக் கினிப்புல்லுக்கு வருவோம். மாடு தின்றாலும் வெட்டினாலும் அடங்காத அந்தப் புல் பெரும்பாலும் கருக்கட்டல் இல்லாமலே விதை செய்கிறது. விதையிலிருந்து வருவது தாயின் அச்சு அசல். இந்த வித்தையைப் பயிருக்குக் கொண்டுவந்தால் கலப்பினத்தின் பூட்டு கழன்றுவிடும். அதனால்தான் அதே 1998இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள், இந்த நுட்பம் காப்புரிமைக்காரர் சிலரின் கைக்குள் போய்விடக் கூடாது என்று அறிக்கை விட்டார்கள்.

நெல்லில் அது கைகூட இருபது வருடம் பிடித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மூன்று பரம்பரை அலகுகளை (ஜீன்களை) முடக்கினார்கள். ஒன்று போக, சோடிகள் ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டாவது போக, சோடிக்குப் பதிலாக ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் இரு நகல்களே பிரிகின்றன. மூன்றாவது போக, இரண்டாம் பிரிவு நடப்பதே இல்லை. ஒடுக்கற்பிரிவு சாதாரணக் கலப்பிரிவாகி, சூலுக்குள் 24ம் முழுசாக இருக்கின்றன. அப்புறம் வழக்கமாக மகரந்தத்தோடு வந்து "தொடங்கு" என்று சொல்லும் அலகைச் சூல்முட்டைக்குள்ளேயே முடுக்கிவிட்டார்கள். முளையம் தானாக வளரத் தொடங்கியது. அரிசியின் மாப்பகுதி உருவாக மட்டும் மகரந்தம் இன்னும் வேண்டும். 2018 கடைசியில் வெளிவந்த முதல் முயற்சியில் மூன்றில் ஒரு பங்கு விதைகூட நகலாகவில்லை. 2022இல் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து கலப்பின நெல்லில் 95 வீதத்தைத் தாண்டிவிட்டார்கள்.

தனியார் காசு பட்டால் ஆய்வு தீட்டு என்பவன் நானில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் பிள்ளைகளுக்கு எங்கிருந்து பணம் வந்தாலும் நல்லதுதான். ஆனால் விடையை விற்க முடியாத கேள்விகளை யாராவது கேட்க வேண்டுமே.

விசுவமடுக்காரரிடம் ஒரு வழி சொன்னேன். பிடித்த செடி மூன்றில் துணி கட்டுங்கள், பூவை வலைத்துணியால் மூடி அயல் மகரந்தம் படாமல் பாருங்கள், அந்த விதையை மட்டும் நடுங்கள், ஆறேழு தலைமுறை இப்படிச் செய்தால் உங்கள் மிளகாயும் நிலைத்துவிடும். சிவப்புச் சீலைத் துண்டைக் கிழித்து முதல் செடியில் கட்டிக்கொண்டே கேட்டார்: "அதுவரைக்கும் ஆர் மாஸ்ரர் காசு தாறது?"