தேட்டம் இருக்கத் 'திருமணச் சொத்து' எதற்கு?

கனடாவின் ஒன்ராறியோவில் மணமுறிவுக்குப் போகும் நம்மவர் கையில் கொடுக்கப்படும் தமிழ்த் தாள்களில் 'திருமணச் சொத்து' என்ற தொடரை இனியும் பொறுக்க முடியவில்லை. போன மாதம் ஸ்காபரோவில் தெரிந்த அக்கா ஒருவருக்கு அப்படியொரு தாளை நிரப்ப உதவப் போனேன். அந்த வரிக்கு நேரே தன் தாலிக்கொடியையும் சீதனக் காசையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அடுத்த வரி 'திருமண வீடு'. "கலியாணம் மண்டபத்திலதானே நடந்தது, எந்த வீட்டைக் கேக்கினம்?" என்றார். பிழை அவரிடம் இல்லை. தமிழில் கலியாண வீடு என்றால் பந்தல் போட்ட வீடு. திருமணச் சொத்து என்றால் கலியாணத்தில் கைமாறிய சொத்து.

சட்டம் கேட்பதோ கலியாணத்துக்கும் பிரிவுக்கும் இடையில் இருவரும் சேர்த்ததை. அதற்குச் சொல் இருக்கிறது: தேட்டம். ஓடு, ஓட்டம், தேடு, தேட்டம். பொருள் தேடுதல் என்றால் உழைத்துச் சேர்த்தல். ஒல்லாந்தர் காலத்தில், 1706-07இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்தது. இலங்கையின் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் தேடியதேட்டம் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்துக்கொண்டன. இங்கிலீசில் எழுதிய சட்டமே மொழிபெயர்க்காமல் எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல்லை, தமிழில் எழுதுகிறவர்கள் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

'அது வட்டாரச் சொல், தமிழ்நாட்டாருக்குப் புரியாது' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார். அந்தத் தாளை அதிகம் வாசிக்கப் போவது யார்? யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்நாட்டாருக்கும் 'தேடு' தெரியாத சொல்லா? யாரும் பேசாத ஒரு பொதுத்தமிழைக் கற்பனை செய்துகொண்டு, இங்கிலீசுச் சொல்லின் ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஒரு துண்டு தேடி ஒட்டுவதுதான் இன்றைக்கு மொழிபெயர்ப்பு என்று நடக்கிறது. ஒட்டியதை வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்ப்பதுகூட இல்லை.

இதே ஆட்கள் பெற்றோர் இறந்து வரும் சொத்தைப் 'பரம்பரைச் சொத்து' என்கிறார்கள். இந்தியாவில் அந்தச் சொல்லுக்குப் பிறப்பாலேயே பங்கு என்ற பொருள் ஏறியிருக்கிறது. ஒன்ராறியோச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. முதுசொம் என்று எழுதினால் குழப்பமில்லை. வீட்டில் முதுசம் என்றே சொல்கிறோம். தேசவழமையில் அது பெற்றோர், பாட்டன், பாட்டி வழி வந்ததை மட்டும் குறிக்கும். மற்ற உறவினர் இறந்து வருவது 'உரிமை'. இன்று உரிமை வேறு பொருளுக்குப் போய்விட்டதால், முதுசொத்தையே எல்லாவற்றுக்கும் விரித்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

இந்த இரு சொற்களும் இருந்தால் ஒன்ராறியோக் கணக்கு இரண்டு வரியில் விளங்கும். அங்கே சொத்தையே வெட்டிப் பிரிப்பதில்லை. இருவர் தேட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, கூடுதலாகச் சேர்த்தவர் மற்றவருக்குக் காசாகக் கொடுக்க வேண்டும். கலியாணத்துக்குப் பின் வந்த முதுசொம் தேட்டத்தில் சேராது. அது முதுசொம்தான் என்று காட்டுவது அதைக் கோருபவரின் பொறுப்பு. முதுசொத்திலிருந்து வரும் வருமானமோ, உயில் எழுதியவர் விலக்கி எழுதாவிட்டால் தேட்டமாகும். தேசவழமையிலும் முதுசக் காணியின் தென்னையில் விழுந்த தேங்காய் தேட்டம்தான்.

சிக்கல் அக்காவின் தாளில் இருந்த 'திருமண வீடு' என்ற வரியில். முதுசொத்தை இருவரும் வாழ்ந்த வீட்டுக்குள் போட்டால், தேட்டத்தில் சேராது என்ற விலக்குப் போய்விடும். 'குடும்ப வீடு' என்று எழுதினாலும் சிலருக்கு அது ஊரிலுள்ள தாய்வீடு. 'குடும்பம் நடத்திய வீடு' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் மண்டபத்தை நினைக்கமாட்டார்கள். அக்காவுக்கு அப்படித்தான் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பான்ர காணி வித்த காசை இந்த வீட்டுக் கடனுக்கெல்லோ கட்டினனான்" என்றார்.