பதில் வராத விசாவும் பிரிந்திருக்கும் தம்பதிகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியேற்றச் சட்ட வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். துணைவர் விசாவுக்குக் காத்திருந்து சலித்துப்போய் வரும் தமிழ்த் தம்பதிகளின் கையில் ஒரு ரசீது இருக்கும், கைபேசியில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி இருக்கும். மாதங்கள் போனாலும் அந்த வரி மாறியிருக்காது. "இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கணும் மேடம்?" என்று கேட்பார்கள். இப்படி முடிவில்லாமல் பொறுக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

ஊரில் காத்திருக்கும் பெண்ணின் நிலையைப் பாருங்கள். கல்யாணம் முடிந்த சில வாரங்களில் கணவர் விமானம் ஏறிவிடுவார். "ரெண்டு மாசத்துல விசா வந்துடும்" என்ற பேச்சை நம்பி அவள் வேலையை விட்டிருப்பாள். கொஞ்ச காலத்துக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு வளைகாப்பிலும் காதுகுத்திலும் "எப்போம்மா கிளம்புறே?" என்பார்கள். ஒரு வருடம் கடந்துவிட்டால் கேள்வியின் தொனியே மாறிவிடும். மாப்பிள்ளைக்கு அங்கே வேறு குடும்பம் இருக்குமோ என்று அவள் காதுபடவே பேசுவார்கள். அவள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துவாள். சம்பளமும் கிடையாது, புகுந்த வீடும் கிடையாது. அம்மா வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இங்கே டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் கணவருக்கு வேறு மாதிரியான வலி. மாமனார் போன் செய்தால் எடுக்கப் பயம். எடுத்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு இவர் கூப்பிடும்போது அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்தத் தூக்கக் கலக்கத்தில் நடக்கும் பேச்சு, நாளாக ஆக, "ஏதாவது வந்துச்சா?" "இல்ல" என்ற இரண்டு சொல்லில் வந்து நின்றுவிடும். என்னைக் கேட்டால் தம்பதிகளை முதலில் சேதப்படுத்துவது இந்தச் சுருக்கம்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் விசாவைப் பற்றிப் பேசுங்கள், மற்ற நாள் அந்தப் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்வதுண்டு. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தயங்காமல் மனநல உதவி கேளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஏற்கெனவே இந்த நாட்டுக்குள் வந்துவிட்டவர்கள் பாடும் லேசில்லை. பழைய விசா முடிந்திருக்கும், புதியதற்கு விண்ணப்பித்திருப்பார்கள், பதில் வராது. வங்கி கணக்கை முடக்கும். வேலை கொடுத்தவர் அனுமதியைக் காட்டு என்பார். கும்பகோணத்துப் பெண் ஒருவர், அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன், தன் அப்பாவின் காரியத்தை வீடியோ அழைப்பில்தான் பார்த்தார். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்ற பயம். அது வீண் பயமில்லை. விசா முடிந்து 30 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 5 ஆண்டு வரை 'விரும்பத்தகாதவர்' என்று அறிவிக்கலாம் என்பது விதி. ஆனால் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் ரசீதைக் காட்டிப் போய் வரச் சலுகை தரும் சுற்றறிக்கைகளை, ஹோம் அஃபேர்ஸ் என்று இங்கே எல்லோரும் சொல்லும் உள்துறை, அண்மை ஆண்டுகளில் பலமுறை வெளியிட்டிருக்கிறது. அதன் தேதியும் நிபந்தனையும் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்தப் பெண் கேட்டிருந்தால் அவருடைய வழக்கை நான் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்று இன்றும் மனம் கனக்கிறது.

இந்த வேதனையெல்லாம் வீட்டு விஷயம், கோர்ட்டில் சொல்வதற்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் டாவூட் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தில் 'குடும்ப வாழ்க்கை உரிமை' என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. ஆனாலும் கணவன் மனைவி சேர்ந்து வாழ்வதைத் தடுப்பது அவர்களுடைய மனித கண்ணியத்தையே தொடுகிறது என்று நீதிபதி கேட் ஓ'ரீகன் எழுதினார். அதனால் பிரிவின் துயரத்தை மனுவில் எழுதுங்கள். விட்ட வேலை, போக முடியாத சாவு, மருத்துவர் கொடுத்த மாத்திரைச் சீட்டு, உளவியலாளரின் அறிக்கை, மாதாமாதம் அனுப்பிய பணத்தின் ரசீது எல்லாமே சாட்சியம்தான். வழக்கு ஏன் அவசரம் என்பதை நீதிபதிக்குக் காட்டுவது அவைதான்.

சரி, பதிலே வராதபோது எதை எதிர்த்து வழக்குப் போடுவது? பதில் தராமல் இருப்பதையேதான். 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டத்தை இங்கே சுருக்கமாகப் பாஜா என்போம். நியாயமற்ற தாமதத்தோடு முடிவெடுக்காமல் இருப்பதையும் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. நடைமுறையில் முதலில் உள்துறையின் தலைமை இயக்குநருக்கு வக்கீல் நோட்டீஸ் போகும். விண்ணப்பித்த தேதி, ரசீது எண், இதுவரை அனுப்பிய மின்னஞ்சல்கள், பதிலுக்கு ஒரு கெடு, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பல கோப்புகள் அந்த நோட்டீஸிலேயே அசைந்துவிடுகின்றன. அசையாவிட்டால் உயர் நீதிமன்றம். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நீதிமன்றம் பெரும்பாலும் விசாவைத் தூக்கிக் கொடுக்காது, இத்தனை நாளுக்குள் முடிவெடு என்றுதான் உத்தரவிடும். அந்த முடிவு நிராகரிப்பாகவும் இருக்கலாம். நிராகரித்தால் குடியேற்றச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி 10 வேலை நாளுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். கடிதம் கைக்கு வந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள். அழுது முடித்துப் பார்க்கலாம் என்று விட்டு, கெடு தாண்டிய பிறகு வந்தவர்கள் உண்டு. உயர் நீதிமன்ற வழக்குக்குச் செலவாகும் என்பதை மறைக்க மாட்டேன். வசதியில்லாதவர்கள் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களில் கேட்டுப் பார்க்கலாம். அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பொதுக் காப்பாளர் (Public Protector) அலுவலகத்தில் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம்.

இங்கே விசிட்டர் விசாவில் வந்திருக்கும் துணைவர் ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்னமும் சிலரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் ஆகியோரின் துணைவரை அப்படி வெளியே போகச் சொன்ன விதியை 2019இல் நந்துட்டு வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது.

தாமதத்துக்கு நம் பக்கத்துக் காரணங்களும் உண்டு. முதலாவது பெயர். ஊர்ச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, இங்கே பதிவில் கணவரின் குடும்பப் பெயரான 'பிள்ளை' அல்லது 'நாயுடு'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் முதலிலேயே வைத்துவிட்டால் சில மாதங்கள் மிச்சம். போலீஸ் சான்றிதழ் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அதனால் அதைக் கடைசியில் எடுங்கள்.

இரண்டாவது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊரே பார்த்தது என்பது மட்டும் இங்கே போதாது. திருமணம் நடத்தியவர் அரசு நியமித்த திருமண அதிகாரியாக இல்லையென்றால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதில்லை. 1913 மார்ச்சில் கேப் டவுன் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவரிடம் வந்த பாய் மரியம் என்ற பெண்ணை நாட்டுக்குள் விட மறுத்த வழக்கு அது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத மணங்கள் சட்டத்தின் முன் மணமே இல்லை என்றாகிவிட்டது. அந்த அவமானம்தான் பெண்களைச் சத்தியாகிரகத்துக்குள் கொண்டுவந்த காரணங்களில் ஒன்று. சிறையில் நோயுற்று, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தாள் தில்லையாடி வள்ளியம்மை. மனைவியை மனைவி என்று ஒப்புக்கொள்ள வைக்க நம் சமூகம் கொடுத்த விலை அது. அதனால்தான் பதிவை நாளைக்கு என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன்.

சலித்துப்போனவர்களைத் தேடி ஏஜென்ட்டுகள் வருவார்கள். "உள்ளே ஆள் இருக்கு, ரெண்டு வாரத்துல ஸ்டிக்கர்" என்பார்கள். போலி விசாவோடு பிடிபட்டால் குடியேற்றச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். நீங்கள் ஏமாந்தவர் என்பதை நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான். தாமதத்துக்கு மருந்து உண்டு, இதற்கு மருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கடைசியாக, மெதுவான குரலில் மட்டும் என்னிடம் கேட்கப்படும் ஒன்று. "நான் எதிர்த்துப் பேசினா விசாவைக் கேன்சல் பண்ணிடுவேன்னு கணவர் சொல்றார்." விசா இழுபறியாக இருக்கும்வரை அந்த மிரட்டல் வலுவாக இருக்கும். அடி, உதை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தல் எதற்கும் 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை, விசா முடிந்திருந்தாலும் கொடுக்கலாம். இந்த நாட்டுக் குடிமகனான குழந்தை இருந்தால், உறவு முறிந்ததும் தாயோ தந்தையோ நாட்டை விட்டுப் போய்த்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிலையை 2023 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது. மனு கொடுக்கப் போகும் முன் பாஸ்போர்ட், ரசீது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.