திரைப்பூட்டு: பூட்டப்படுவது எது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போட, கணக்கு எழுத, சரக்கு பார்க்க என மூன்று பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். கணக்கு எழுதுபவர் லாக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார். வாடிக்கையாளர் காத்திருக்கிறார். "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு" என்று பில் போடுபவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார். சேமிக்காத கணக்கெல்லாம் போச்சு.

சிஸ்டம் லாக் ஆகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். 'ஸ்கிரீன் லாக்' என்பதைத் தமிழில் திரைப்பூட்டு என்கிறோம். ஆங்கில 'லாக்' பழைய ஆங்கிலத்தின் 'லொக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குத் தாழ் என்றும் அடைப்பு என்றும் பொருள். தமிழில் பூட்டுதல் என்றால் பிணைத்தலும்தான். சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம், தாலி கட்டுவதைத் திருப்பூட்டு என்கிறோம். கதவை அடைப்பதற்குத் தாழ் என்று தனிச்சொல்லே இருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று வள்ளுவர் கேட்பது அதைத்தான்.

கணினிக்கு இந்தப் பிணைப்புப் பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஒருவர் தன் பயனர் கணக்கில் (யூசர் அக்கவுண்ட்) நுழைந்து வெளியேறும் வரை நடப்பது ஓர் அமர்வு, அதாவது செஷன். லாக் போட்டால் அந்த அமர்வு அவர் கடவுச்சொல்லோடு பிணைந்து நிற்கும். திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும், ஓடும் வேலையும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 'அமர்வுப் பூட்டு' என்பதே இன்னும் துல்லியம் என்பேன். ஆனால் செல்போன் வழியாகத் திரைப்பூட்டு எல்லோர் வாயிலும் பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம். 'கணினிப் பூட்டு' மட்டும் வேண்டாம்.

கணினியே பூட்டிக்கொண்டது என்ற தவறான எண்ணத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 2000இல், ஒருவர் பூட்டிவிட்டால் அவரோ, கணினியில் முழு உரிமை உள்ள நிர்வாகியோ (அட்மின்) வந்துதான் திறக்க வேண்டும். மற்றவருக்கு மெஷினே பூட்டியதுபோலத்தான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஒருவர் அமர்வு பின்னால் இருக்க, இன்னொருவர் நுழையும் 'ஸ்விட்ச் யூசர்' வசதி வந்தது. இதைப் பயனர் மாற்றம் எனலாம்.

சரி, கடையில் என்ன செய்வது? ஆளுக்கொரு பயனர் கணக்கு வேண்டும். எல்லோரும் ஒரே கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் பகிர்ந்துகொண்டால் பூட்டுக்கே பொருள் இல்லை. எழுந்து போகிறவர் விண்டோஸ் பொத்தானோடு எல் அழுத்தினால் போதும். அடுத்தவர் பூட்டுத்திரையைத் தாண்டியதும் இடது கீழ்மூலையில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்து நுழையலாம். இன்னொருவர் அமர்வு இருக்கும்போது அணைக்கப் போனால், அவர் வேலை தொலையலாம் என்று விண்டோஸே எச்சரிக்கும். அதைப் படிக்காமல் அணைத்துவிடக் கூடாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த எச்சரிக்கைகூட வராது.

பூட்டியவர் ஊருக்கே போய்விட்டால், நிர்வாகி, ஓடும் வேலைகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் பகுதியில் அந்த அமர்வை முடித்துவைக்கலாம். அதிலும் சேமிக்காதது போய்விடும், அதனால் முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அப்புறம், பூட்டிய அமர்வு ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் பூட்டக் கூடாது, சைன் அவுட் கொடுத்து வெளியேற வேண்டும்.