ட்ரெயில் மூடப்படும் முன்பே எழுத வேண்டிய கடிதம்

"அண்ணா, போன வருஷம் ஓட்டின அதே பாதைதான். போர்டுகூட இல்லை. அபராதச் சீட்டு எழுதிட்டாங்க." கோடை வந்தால் இப்படி ஒரு போனாவது எனக்கு வந்துவிடுகிறது. அமெரிக்கக் காடுகளில் டர்ட் பைக், நாலு சக்கர ஏடிவி ஓட்டும் நம்மவர்கள் பெருகிவிட்டார்கள். விதியைப் படித்தவர்கள்தான் குறைவு.

தேசிய வனங்களில் 2005-ல் வந்த விதி ஒன்றுதான் அடிப்படை. எந்தப் பாதையில், எந்த வகை வண்டி, எந்த மாதங்களில் ஓடலாம் என்று ஒவ்வொரு வனமும் ஒரு மோட்டார் வாகன வரைபடம் வெளியிடும். அதில் இல்லாத பாதை மூடிய பாதை. போர்டு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வரைபடத்தைப் பார்த்து ஓட்டுவது உங்கள் பொறுப்பு. அது இலவசம்தான், ஆனால் எழுத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். அகலத்தையும் பாருங்கள்: 50 அங்குலத்துக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும் என்று பல பாதைகள் உண்டு. இன்றைய இரட்டை இருக்கை வண்டிகளில் பெரும்பாலானவை அதைவிட அகலம்.

அபராதம் சின்ன விஷயம். பாதையையே வரைபடத்திலிருந்து எடுத்துவிடும்போதுதான் ஆட்கள் பதறி ஓடி வருகிறார்கள். பெரும்பாலும் அப்போது காலம் கடந்திருக்கும்.

பாதையை எடுக்கும் முன் வனத்துறை ஒரு திட்டத்தை முன்வைத்துக் கருத்துக் கேட்கும். இறுதி முடிவுக்கு முன் வரைவு முடிவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல வழக்கமாக 45 நாள் தரும். ஆனால் அந்த ஆட்சேபத்தை எல்லோரும் போட முடியாது. முதல் சுற்றிலேயே, கெடுவுக்குள், திட்டத்தைப் பற்றிக் குறிப்பாக எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே அந்த உரிமை. அப்போது நீங்கள் எழுப்பாத பிரச்சினையை, புதுத் தகவல் ஏதும் வந்தாலொழிய, இப்போது எழுப்பவும் விடமாட்டார்கள்.

கிளப்பில் இருக்கிறேன், அவர்கள் எழுதிவிட்டார்கள் என்று சும்மா இருப்பவர்கள் கவனிக்க: கிளப் எழுதினால் உரிமை கிளப்புக்கு மட்டும். உறுப்பினர் என்பதால் உங்களுக்கு அது வராது. தனியாகவும் எழுதுங்கள்.

ஆட்சேபக் கெடுவை எண்ணும் விதம் இன்னொரு கண்ணி. அந்த வனத்துக்கென்று குறித்து வைத்திருக்கும் ஒரு நாளிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்துதான் நாள் ஓடும். மின்னஞ்சல் வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒருவர் வாயால் சொன்ன தேதியை நம்பிக் கெட்டவர்களையும் தெரியும். சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கருத்து என்றால் என்ன? "எங்கள் பாதையை மூடாதீர்கள்" என்று ஆயிரம் பேர் ஒரே வாசகத்தை அனுப்பினாலும் அது ஒரே கருத்தாகத்தான் எடையிடப்படும். பாதையின் எண்ணைப் போடுங்கள். வனத்துறையின் திட்ட அறிக்கையில் எது தவறு என்று சொல்லுங்கள். மாற்று வழியும் கொடுங்கள்: ஓடையைக் கடக்கும் இடத்தில் மட்டும் சிக்கல் என்றால், அங்கே ஒரு சிறு பாலம் போதும், முழுப் பாதையையும் மூட வேண்டாம் என்று எழுதலாம். பிள்ளைகளோடு ஓட்டிய நினைவுகள் கடைசிப் பத்தியில் இருக்கட்டும்.

நிலம் பி.எல்.எம் எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்துடையது என்றால் கதை வேறு. முடிவு வந்த 30 நாளுக்குள் அமெரிக்க உள்துறையின் (நிலம், இயற்கை வளங்களைக் கவனிக்கும் துறை) நில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும்; அங்கும் முன்பே பங்கெடுத்தவராக இருக்க வேண்டும். மேல்முறையீடு போட்டதாலேயே மூடல் நின்றுவிடாது, அந்த முடிவுக்கு இடைக்காலத் தடை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் யூட்டாவின் மோவாப் அருகே ஒரே முடிவில் 317 மைல் பாதையை மூடியது இந்தப் பணியகம்தான். எனவே முதல் கேள்வி: நிலம் யாருடையது? வனத்துறையைக் கேட்டால் பி.எல்.எம் என்பார்கள், அங்கே போனால் கவுண்டியை, அதாவது மாவட்ட நிர்வாகத்தைக் காட்டுவார்கள். திட்டத்தின் பெயரையும் முடிவெடுக்கும் அதிகாரியின் பதவியையும் கேட்டு வாங்காமல் அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.

இனிப் பணம். கலிஃபோர்னியாவில் வண்டிக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை ஸ்டிக்கர் வாங்குகிறீர்களே, அந்தப் பணமும் சேரும் நிதியிலிருந்துதான் மானியம் போகிறது. பாதி பராமரிப்புக்கு, 25% நிலத்தைச் சீரமைக்க, 20% காவலுக்கு, 5% பாதுகாப்புக் கல்விக்கு. சீரமைப்புப் பணத்தில் பாதை திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; மூடிய பாதையில் புல் முளைக்கவைக்கத்தான் அது. உங்கள் பக்கத்து வனம் விண்ணப்பிக்காவிட்டால் ஒரு காசும் வராது. மார்ச்சில் வரைவு விண்ணப்பங்கள் வந்துவிடும், மே வரை கருத்துச் சொல்லலாம். ஆகவே குளிர்காலத்திலேயே போய், இந்த வருடம் விண்ணப்பிக்கிறீர்களா என்று கேளுங்கள். ஆள் இல்லை என்பார்கள். பெரும்பாலான மானியங்களுக்கு விண்ணப்பிப்பவர் தம் பங்காகக் குறைந்தது நாலில் ஒரு பங்கு காட்ட வேண்டும், அதில் தொண்டர்களின் உழைப்பு மணிநேரமும் சேரும் என்று நினைவூட்டுங்கள். தொண்டர்களின் வருகைக் கையெழுத்துத் தாள் இல்லாமல் மண் வெட்டினால் மட்டும் அது கணக்கில் வராது.

மத்திய அரசின் பொழுதுபோக்குப் பாதை நிதியில் 30% மோட்டார் பாதைகளுக்கு. அங்கே பொதுவாக முதலில் நீங்கள் செலவழித்து, பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். கையில் இருப்பு இல்லாத சிறு கிளப் இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு உங்கள் வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, அறிவிப்பு எந்த நாளிதழில் வரும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.