அக்கரைப் பேச்சு இக்கரையில் கேட்பது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டி, குவெட்டிகோ என்றொரு பெரிய பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் புல்தரையையும் நடைபாதையையும் நினைக்க வேண்டாம். ஊசியிலைக் காடும் அதற்குள் எண்ணற்ற ஏரிகளும்தான் அந்தப் பூங்கா. துடுப்பு வலித்துக் கேனோ என்னும் சிறு படகில் போக வேண்டும். ஏரி முடிந்தால் கேனோவைத் தோளில் கவிழ்த்துச் சுமந்தபடி அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். கரையெங்கும் நீருக்குள் சரிந்து இறங்கும் பாறைகள். பல இடங்களில் கூடாரத்தின் முளை இறங்காது, கயிற்றைக் கல்லில்தான் கட்ட வேண்டும்.

இத்தகைய ஏரியில் பகலில் அக்கரையில் ஆள் இருப்பதே தெரியாது. பொழுது இறங்கிக் காற்று ஓய்ந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கே ஒருவர் பாத்திரத்தில் கரண்டியைத் தட்டினால் பக்கத்துக் கூடாரத்தில் தட்டியதுபோல் கேட்கிறது. சில வேளைகளில் பேசும் சொற்களே பிடிபடுகின்றன.

இரவு அமைதியானது, அதனால் கேட்கிறது என்பது பாதி விளக்கம்தான். மறுபாதிதான் எனக்கு வியப்பூட்டுவது: ஒலி வளைகிறது.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.6 மீட்டர் கூடும். கோடை மாலையில் ஏரி நீர் குளிர்ந்திருக்கும். அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே பகலின் வெம்மை இன்னும் தங்கியிருக்கிறது. ஆக, மேலே போகும் ஒலி விரைகிறது, நீரை ஒட்டிய ஒலி பின்தங்குகிறது. இரட்டை மாட்டு வண்டியில் வலத்து மாடு வேகமாக நடந்தால் வண்டி இடப்பக்கம் திரும்புமே, அதேபோல் ஒலியலையின் முகப்பு வேகம் குறைந்த பக்கமாக, அதாவது கீழ்நோக்கித் திரும்புகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய ஓசை ஏரிக்கே இறங்கி வருகிறது.

நீரின் அருகே 12 டிகிரி, 20 மீட்டர் உயரத்தில் 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேக வித்தியாசம் ஒரு விழுக்காடுதான். ஆனால் ஏரி அகலமானது. அவ்வளவு தொலைவு பயணிக்கையில் அந்தச் சிறு வளைவே போதும். இறங்கிய ஒலியை நீர் விழுங்குவதும் இல்லை. காற்றிலிருந்து வரும் ஒலி ஏறக்குறைய முழுவதும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மீண்டும் வளைகிறது, மீண்டும் தெறிக்கிறது. இப்படித் தாவித்தாவி அக்கரை சேர்கிறது.

வெயிலில் காய்ந்த நிலத்தின் மேல் நடப்பது இதற்கு நேர்மாறு. தரைக்காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து காதைத் தாண்டிவிடும். தார்ச்சாலையில் கானல் நீர் காட்டும் அதே சூடான காற்றுதான் குரலையும் தூக்கிப்போடுகிறது. "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்ற பழமொழியை வட ஏரிக்கரையில் அப்படியே கடைப்பிடிக்கலாம்.

அந்த இரவுகளின் பெருங்குரல் மனிதருடையதன்று. லூன் என்னும் நீர்ப்பறவையுடையது. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கும் பறவை. டொரன்டோவில் வாழும் தமிழர்களின் சட்டைப்பையிலும் அது கிடக்கிறது. ஓநாயின் ஊளைபோல் நீண்டு ஒலிக்கும் அதன் அழைப்பு பல கிலோமீட்டர் கடக்கும். கீச்சென்ற ஒலிகளைக் காற்று விரைவில் உறிஞ்சிவிடும். இந்த ஊளை அவ்வளவு உச்சத்துக்குப் போகாததால் தொலைவைத் தாங்குகிறது.

ஆண் பறவைக்கு மட்டும் இன்னோர் அழைப்பு உண்டு, தன் எல்லையை அறிவிப்பதற்கு. அப்போது அது உடலைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, அலகை நீர்ப்பரப்பை ஒட்டி வைத்துக் கூவுகிறது. ஏரியின் குளிர்ந்த காற்று படிந்திருக்கும் இடமும் அதுதான்.