மலைச்சரிவின் காற்றும் அரை விநாடியும்: மியூல் மான் வில்வேட்டையின் அறிவியல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளின் மரங்கள் முடிந்து புல்லும் பாறையும் மட்டுமே எஞ்சும் 3,500 மீட்டர் உயரத்தில், முதிர்ந்த ஆண் மியூல் மான்கள் கோடையைக் கழிக்கின்றன. கோவேறு கழுதையின் காதுகளைப் போன்ற நீண்ட காதுகளே அவற்றுக்கு அந்தப் பெயரைத் தந்தன. செப்டம்பரில் உரிமத்துடன் வில்லேந்தி வருபவர், துப்பாக்கிக்காரர் 300 மீட்டர் தொலைவிலிருந்தே முடித்துவிடும் வேலைக்காக, மானுக்கு 40 மீட்டர் அருகில் சென்றாக வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கும் கலையில் முதலிடம் காற்றுக்குத்தான் என்பேன்; வில்லின் வலிமை பிறகுதான் வருகிறது.

இரவில் சரிவின் தரை வெப்பத்தை இழக்கும்போது, அதைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்ந்து கனமாகி, ஓடை நீரைப் போலப் பள்ளத்தை நோக்கி வழிகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் அதே காற்று இலேசாகிச் சரிவோடு மேலே ஏறுகிறது. காலை மேய்ச்சலை முடித்த மான், பாறையடி நிழலில் மேட்டுக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறது. கீழிருந்து வரும் ஆபத்தைக் கண் காணும், ஏறிவரும் காற்று அதன் மணத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். எனவே வேட்டைக்காரர் மேலிருந்தே இறங்க வேண்டும், அதுவும் காற்று உறுதியாக மேல்நோக்கி வீசத் தொடங்கிய பிறகே. காற்று திசை மாறும் காலை வேளையை மட்டும் நம்பவே கூடாது. ஒரு மேகம் சூரியனை மறைத்தாலும் ஓட்டம் தடுமாறிவிடும். அதனால் அவர் கையில் சிறு புட்டி ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் சிட்டிகை அளவு மாவுத்தூள் வெளிவந்து, மிதந்து, தன் மணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டும். கடைசி முப்பது அடிகளைக் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு நடப்பவர்களும் உண்டு.

படுத்திருக்கும் மான் எழுந்து பக்கவாட்டில் நிற்கும்வரை நாணை இழுத்துப் பிடித்திருக்க உதவுவது காம்பவுண்ட் வில். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்கள் சுழல்கின்றன. முழுவதுமாக இழுத்த நிலையில் அவற்றின் நெம்புகோல் விகிதம் மாறிவிடுவதால், 30 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை 6 கிலோ அளவுக்கு இறங்குகிறது. ஆனால் வில்தண்டுகளில் சேர்ந்த ஆற்றல் குறைவதில்லை.

அம்பு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 40 மீட்டரைக் கடக்க அரை விநாடி ஆகும். நாண் அதிரும் ஓசையோ 0.12 விநாடியிலேயே மானை எட்டிவிடுகிறது. துள்ளி ஓட நினைக்கும் மான் முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. எதிர்வினைக்குப் போக 0.2 விநாடி மிஞ்சினாலும், தடையின்றி விழும் எந்தப் பொருளும் அதற்குள் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போவதற்கு அதுவே போதும். இதனால்தான் அனுபவசாலிகள் தொலைவைக் கூட்டுவதைவிட ஓசையைக் குறைப்பதில் அக்கறை காட்டுகிறார்கள்.

சரிவு இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறது. 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்பது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 35 மீட்டரே. அம்பின் பாதைக்குச் செங்குத்தாக ஈர்ப்பின் ஒரு பகுதி மட்டுமே இழுப்பதால், 40 மீட்டருக்கான குறியைப் பயன்படுத்துபவரின் அம்பு, மேல்நோக்கி எய்தாலும் கீழ்நோக்கி எய்தாலும், சுமார் 16 சென்டிமீட்டர் உயரே போய்விடும்.

27 கிராம் அம்பு சுமக்கும் ஆற்றல் 90 ஜூலுக்கும் குறைவு. மான் வேட்டைத் துப்பாக்கியின் குண்டு சுமப்பதோ 3,000 ஜூல் அளவில் இருக்கும். எனவே அம்பு மோதலால் கொல்வதில்லை, அறுத்தே கொல்கிறது. சவரக்கத்தியின் கூர்மையுள்ள முனை இரு நுரையீரல்களையும் துளைத்தால், இரத்த இழப்பாலும் மார்புக்கூட்டில் காற்று புகுவதாலும் மான் விரைவில் நினைவிழக்கிறது. மழுங்கிய முனையோடு மலையேறுவது விலங்குக்குச் செய்யும் கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

எய்தவர் உடனே ஓடுவதில்லை. அரை மணி நேரமாவது அமைதியாகக் காத்திருந்து, பிறகுதான் புல்லைக் குனிந்து பார்க்கிறார். குமிழிகளோடு கூடிய இளஞ்சிவப்பு இரத்தம், அம்பு நுரையீரலைத் தொட்டதைச் சொல்கிறது. மானைக் கண்டதும் தோலை விரைவாக உரித்து, உடல் வெப்பம் தங்காதபடி இறைச்சியைத் துணிப்பைகளில் கட்டி நிழலில் தொங்கவிடுகிறார். பொழுது சாயும்போது சரிவுக் காற்று மீண்டும் குளிர்ந்து இறங்கி அந்தப் பைகளைத் தொடுகிறது.